கையில ஒட்டின பட்டனும் அத்தையோட ராகிக் கஞ்சியும்

எனக்கு சுகர் இருக்கு, காலையில வெறும் வயித்துல பாத்தா எப்பவும் 115, 120தான் இருக்கும், அத நம்பி நிம்மதியா இருந்தேன். ஆனா மூணு மாச சராசரி சுகரக் காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தா 8.2ன்னு வந்து நிக்குது. டாக்டர் "சாப்ட்ட பிறகு எங்கயோ ஏறுதும்மா, ரெண்டு வாரம் சென்சார் ஒட்டிப் பாத்துருவோம்"னாங்க. கையில பட்டன் மாதிரி ஒட்டிக்கிட்டு ராவும் பகலும் சுகர அளக்கற சாமான் அது. கிட்டத்தட்ட 5000 ரூபா. 14 நாள்ல குப்பைக்குப் போற சாமானுக்கு இவ்ளோவான்னு எனக்கு மனசே வரல, வீட்டுக்காரர்தான் போட்டுக்கோன்னுட்டார்.

பயந்த அளவுக்கு ஒண்ணுமில்ல. மேல் கைக்குப் பின்பக்கம் ஸ்பிரிட்ல தொடச்சு, காய விட்டு, ஒரு அமுக்கு. டப்புன்னு சத்தம், அவ்ளோதான். ஊசி வெளிய வந்துரும், முடி மாதிரி ஒரு இழை மட்டும் அரை சென்டிமீட்டர் உள்ள நிக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு செல்ஃபோன அது பக்கத்துல கொண்டுபோய் ஸ்கேன் பண்ணா சுகர் நம்பர் வருது. 8 மணி நேரத்துக்குள்ள திரும்ப ஸ்கேன் பண்ணணும், இல்லன்னா அதுக்கு முந்தினது அழிஞ்சுரும், மொத ராத்திரியே அசந்து தூங்கி ஒன்றரை மணி நேர கிராப்ப கோட்டை விட்டேன்.

மூணாவது நாள்தான் திருடன் மாட்டினான். எங்க அத்தை நாலு வருஷமா தினமும் காலையில எனக்கு ராகிக் கஞ்சி காய்ச்சித் தருவாங்க, சுகருக்கு நல்லதுன்னு. ரெண்டாவது பீரியட் முடிஞ்சு ஸ்டாஃப் ரூம்ல ஸ்கேன் பண்றேன், 248! மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி எறங்கிருது, அதனாலதான் இத்தன நாளா கண்ணுல படல. மறுநாள் அதே ராகிய முருங்கைக்கீரை போட்டு அடையா தட்டி சாப்ட்டேன், 176க்கு மேல போகல. நைசா அரைச்சு கூழாக் காய்ச்சிட்டா சீக்கிரமா ரத்தத்துல சேந்துரும்னு டாக்டர் சொன்னாங்க. அத்தைகிட்ட சொன்னா மெஷின்தான் தப்பாம்.

மெஷினும் தப்பு பண்ணும், அதையும் சொல்லிடறேன். ஒன்பதாவது நாள் ராத்திரி ரெண்டரைக்கு பாத்ரூம் போக எழுந்தவ சும்மா ஸ்கேன் பண்ணேன், 54ன்னு காட்டுது. நான் கிளிமிபிரைடு மாத்திரை வேற போடறவ, சுகர் எறங்க வாய்ப்பு உண்டுங்கறதால கை காலெல்லாம் பதறி மூணு ஸ்பூன் சர்க்கரைய அப்டியே முழுங்கிட்டேன், முழுங்கின பிறகுதான் இவர் விரல்ல குத்திப் பாக்கச் சொன்னார், 112. ஒரே நிமிஷத்துல சர்க்கரை அவ்ளோ ஏறாது. விஷயம் என்னன்னா சென்சார் ஒட்டின இடது கை மேலயே ஒருக்களிச்சுப் படுத்திருக்கேன். அது பாக்கறது ரத்தத்த இல்ல, தோலுக்கு அடியில இருக்கற நீர, அந்த இடம் நசுங்கினா நம்பர் பொய்யா எறங்குமாம். சாதாரணமாவே ரத்தத்துக்கு அஞ்சு பத்து நிமிஷம் பிந்திதான் காட்டும். மயக்கம், வேர்வை, நடுக்கம் எதுவுமே இல்லாம நம்பர் மட்டும் கொறஞ்சா விரல்லயும் ஒருதடவ பாத்துருங்க.

ஸ்கூல்ல பிள்ளைங்க "டீச்சர், கையில என்ன பட்டன்?"னு கேட்டு கேட்டு ஓஞ்சு போச்சுங்க. எண்ணெய்க் குளியல ரெண்டு வாரம் தள்ளிப்போட்டேன், பசை விட்ருமேன்னு. எல்லாத்துலயும் உஷாரா இருந்து கடைசியில மாட்டினது ப்ளவுஸ்ல. 12வது நாள் அவசரமா டைட் கைய உருவினேன், அதோட சென்சாரும் வந்துருச்சு. அழுகையே வந்துச்சு, ரெண்டு நாள் காசு போச்சேன்னு.

மொத்தத்துல சுகர் 70க்கும் 180க்கும் நடுவுல இருந்த நேரம் 58 சதவீதம், 70 சதவீதமாவது வேணுமாம். டாக்டர் மாத்திரைய ஏத்தல. கஞ்சிய நிறுத்துங்க, சாப்ட்டதும் கால் மணி நேரம் நடங்கன்னு அனுப்பிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு ஒட்டணும், இந்த தடவ வலது கையில. டெய்லர்கிட்ட ரெண்டு ப்ளவுஸ் கைய பிரிச்சு லூசாக்கக் குடுத்திருக்கேன், அந்தாளு எப்பத் தரப்போறாரோ.