அது வேற, இது வேற

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, விடுப்பு முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய எங்கள் டெக்னீஷியன் அண்ணன் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"மேடம், நான் வைட்டமின் ஈ மாத்திரை போட்டுக்கலாமா?"

"வேண்டாம் அண்ணே. டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை, அந்த ஸ்டாட்டினை மட்டும் விட்டுடாதீங்க."

"அப்போ நாம இங்க இத்தனை வருஷமா பண்ணிட்டிருக்கிறது?"

"அது வேற, இது வேற அண்ணே."

சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முதல் பதிலில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இரண்டாவது பதில்தான் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேட்டவர் விஷயம் தெரியாதவர் இல்லை. எலியின் இதயத்தைத் தனியே எடுத்துக் கருவியில் தொங்கவிட்டு, அரை மணி நேரம் ஓட்டத்தை அடைத்து, மறுபடி திறந்து விடுவோம். ஆக்சிஜன் திரும்பி வரும் அந்தச் சில நிமிடங்களில்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, அக்கம்பக்கத்தைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் குபீரென்று கிளம்பும். அப்புறம் திசுவை அரைத்து, தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, வாட்டர் பாத்தில் 95 டிகிரியில் வைத்தால், கொழுப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இளஞ்சிவப்பு ஏறும். 532 நானோமீட்டரில் அளப்போம். அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடென்ட்டை (வைட்டமின் ஈயும் அந்த வகைதான்) முன்கூட்டியே கொடுத்த இதயத்தின் குழாயில் நிறம் வெளிறியிருக்கும். ஸ்டாண்டில் குழாய்களை வரிசையாக அடுக்கி, "இது மருந்து கொடுத்தது மேடம்" என்று மெஷினில் வைக்கும் முன்பே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார் அவர். அந்த வெளிறலை நம்பித்தான் எங்கள் கட்டுரைகள் எல்லாம். அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

ஆனால் நான் வேறு என்ன சொல்ல முடியும்? 1996இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு உயிர்போகாத மாரடைப்பு குறைந்தபோது இந்தத் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2000இல் வந்த ஹோப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பலன் இல்லை. 2002இல் பிரிட்டனின் ஹார்ட் புரொடக்‌ஷன் ஸ்டடி, 20,536 பேர். அதே ஆட்களுக்கு ஒரே ஆய்வில் ஸ்டாட்டினையும் சோதித்தார்கள், ஈ, சி, பீட்டா கரோட்டின் கலந்த வைட்டமினையும் சோதித்தார்கள். ஸ்டாட்டின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தது. வைட்டமின்கள் ரத்தத்தில் நன்றாகவே ஏறின, இதயத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அவரிடம் "போட்டுக்கோங்க" என்று எப்படிச் சொல்வேன்?

அப்படியானால் "அது வேற" என்றதும் சரிதானே என்று பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணங்களும் இருக்கின்றன. எலிக்கு நாங்கள் காயத்துக்கு முன்பே மருந்து கொடுக்கிறோம். மனிதருக்கோ ரத்தக் குழாயில் பல வருடம் கொழுப்பு படிந்த பிறகுதான் மாத்திரை வருகிறது. தவிர, ஃப்ரீ ராடிக்கல் என்றாலே எதிரி என்பதும் இல்லை. இதயத்துக்குச் சின்னச் சின்னதாக ரத்தத் தடை கொடுத்துப் பழக்கினால் பெரிய தடையை அது தாங்கிக்கொள்ளும் என்று 1986இல் காட்டினார்கள். அந்தத் தாங்கும் சக்தி வருவதற்கே கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல் தேவை என்பது பின்னால் தெரிந்தது. எல்லாவற்றையும் துடைத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடித்ததும் எங்களைப் போன்ற ஆய்வகங்கள்தான். வீண் வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் மனது ஒப்பவில்லை. நிதி கேட்டு எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் முதல் பத்தியிலும் இதய நோயால் இறப்பவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே "அது வேற, இது வேற" என்று நான் எழுதுவதே இல்லை. பணம் கேட்கும்போது ஒன்றாக இருப்பது, நோயாளி ஒருவர் எதிரே நின்று கேட்கும்போது மட்டும் எப்படி இரண்டாகிவிடும்? உட்கார வைத்து விவரமாகச் சொல்லியிருக்கலாம். ஸ்டென்ட் வைத்து வந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருந்திருக்குமா என்பதும் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது தெளிவான பதில்தான், அதைக் கொடுத்தேன் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், அவர் கேட்டது மாத்திரையைப் பற்றியே அல்ல என்று தோன்றும்.

இப்போது எழுதும் புதிய விண்ணப்பத்தில், மருந்தை முன்கூட்டியே கொடுக்காமல், அடைப்பு திறந்து ரத்த ஓட்டம் திரும்பும் நேரத்தில் கொடுத்துப் பார்ப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன். ஸ்டென்ட் வைக்கும்போது நடப்பதற்கு அதுதான் நெருக்கமானது. இது அவர் கேள்விக்கு நான் தேடும் பதிலா, பழைய சோதனையையே நேரம் மாற்றிச் செய்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. முதல் பத்தியை இன்னும் மாற்றவில்லை.