வினிகரில் ஊறிய கீல்

காலையில் எழுந்ததும் முதலில் டப்பாவைத்தான் திறந்தேன். வினிகர் கட்டன்சாயா நிறத்தில் கிடந்தது.

உள்ளே அப்பாவின் அம்பாசடர் கதவுக் கீல்.

பழைய பல் பிரஷால் தேய்த்தேன். துரு சேறாக வழிந்தது. மூலையில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அரம் போட்ட தடம்!

கதவு இடிக்கிறது என்று அப்பா ஒரு ஞாயிறு முழுக்க அரத்தோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் பூசினேன். அமிலம் மிச்சமிருந்தால் சில மணி நேரத்திலேயே மறுபடி துரு ஏறிவிடும்.

கார்புரேட்டரையும் காஸ்டிக் சோடாவில் போடச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன். வேண்டாம் அண்ணா என்றேன். இரும்பில் பெயிண்ட் உரிக்க அது சரி. கார்புரேட்டரின் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும், ஹைட்ரஜன் வேறு கிளம்பும். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்த்தால் இன்னும் ஆபத்து, வருவது குளோரின் வாயு.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. புதுக் கீல் தேடினால் எங்காவது கிடைக்கலாம்.

அப்பா அரம் போட்ட அந்தக் கோடு கிடைக்காது. நாளை இதையே மாட்டப்போகிறேன்.