கிளட்சை மிதித்தால் நகர்ந்த புல்லி

"பிஸ்டன் ரிங் போயிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றுதான் பார்த்த எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். மாமாவின் 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஏழு வருடம் ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. சேலத்துக்கு இறக்கி ஓடவைத்தால் பின்னால் நீலப் புகை. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னால் வருபவன் ஹெட்லைட் போட வேண்டும்.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான். ஆனால் 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இதன் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கிச் செய்த வண்டி. இன்ஜினும் ஒரே குடும்பம். எங்களுடையது 948 சிசி, 63 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம். ஸ்பிட்ஃபயரில் போரை 69.3 ஆக்கி 1147 சிசி வைத்தார்கள். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், இரண்டிலும் 76 தான். அதனால் ஸ்பிட்ஃபயர்காரர்கள் பட்ட பாடெல்லாம் நமக்கும் பாடம்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரி இன்ஜின் வேலை பார்க்கும் லேத் பட்டறை ஒன்று. அங்கிருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஹெரால்டில் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முன்சக்கரத்து மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அவரும் அப்படித்தான் உட்கார்ந்தார். புகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, உள்ள ஏறி கிளட்ச மிதிங்க" என்றார். மிதித்தேன். "விடுங்க. மறுபடி மிதிங்க." அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேறொரு ஆளை உள்ளே உட்காரவைத்து அவர் மிதிக்கச் சொல்ல, நான் பார்த்தபோது, இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் புல்லி ரேடியேட்டர் பக்கமாக 'டக்'கென்று முன்னால் வந்தது. விட்டதும் அங்கேயே நின்றது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கிராங்க் முன்னும் பின்னும் ஓடுகிறது என்றால், ரிங் எல்லாம் சின்ன வியாதி.

அந்த ஆட்டத்துக்குக் கணக்கு 4 முதல் 8 தவ். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து ஒரு பங்கு எடுத்தால் ஒரு தவ். ஸ்க்ரூடிரைவரால் கிராங்க்கை ஒருபக்கம் நெம்பிப் பிடித்து, இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகளான ஃபீலர் கேஜ் விட்டோம். பிளேடு மேல் பிளேடு சேர்த்து 40 வரை போனது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்.

இன்ஜினை இறக்கி, அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றியதும் கதை தெரிந்தது. இந்த இன்ஜினில் கிராங்க் முன்னும் பின்னும் ஓடாமல் பிடிப்பது கிராங்க்கைத் தாங்கும் கடைசி மெயின் பேரிங்கின் இரு பக்கமும் செருகும் த்ரஸ்ட் வாஷர்கள். முழு வளையம்கூட இல்லை, இன்ஜின் உடலான பிளாக் பக்கம் மட்டும் அரை நிலா. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும், அந்த பாரம் முழுவதும் பின்பக்க அரை நிலா மேல். அதன் ஒரு முகத்தில் எண்ணெய்க்கு இரண்டு வரிப்பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் அது பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது! எப்போதோ ஒரு பட்டறையில் இன்ஜின் வேலை செய்தவர் திருப்பி மாட்டியிருக்கிறார். வெறும் இரும்பு முதுகு கிராங்க் மேல் உரசி உரசித் தகடாகி, கடைசியில் பிடியை விட்டுச் சம்ப்பில் விழுந்து கிடந்தது. அதற்கப்புறம் கிராங்க் நேராகப் பிளாக்கையே தின்றிருக்கிறது.

வாஷர் ஓவர்சைஸில் கிடைக்கும், ஆனால் எங்கள் தேய்மானத்துக்கு அது பத்தாது. அண்ணன் பிளாக்கின் முகத்தை நேராகச் சீவினார். கன்மெட்டல் என்ற வெண்கல வகைப் புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து வளையமாக்கி, இரண்டாக அறுத்து, சின்ன அரத்தால் பள்ளம் போட்டார். வேண்டுமென்றே கனமாக விட்டார். அப்புறம் கண்ணாடித் தகட்டில் நைஸ் எமரி தாளை ஒட்டி, முதுகுப் பக்கத்தை எட்டு வடிவத்தில் தேய்ப்பது என் வேலை. தேய், துடை, மாட்டு, கேஜ் விடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதுதான். சாயங்காலம் 6 தவ் வந்து நின்றது. நான் அன்றைக்கு டீ குடித்தேனா என்றுகூட நினைவில்லை.

மற்ற வேலை வழக்கமானது. சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய ஸ்டாக்கில் 20 தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்த பிறகுதான் சிலிண்டரை அகலமாக்கப் போரிங்குக்குக் கொடுத்தேன். முதலில் போர் போட்டுவிட்டுப் பிஸ்டனுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். லேலண்டு லாரி பிளாக்குகளுக்கு நடுவில் எங்கள் பிளாக் டிபன் கேரியர் மாதிரி உட்கார்ந்திருந்தது. கிராங்க்கை 20 தவ் கிரைண்டிங் செய்தோம், வால்வை அதன் இருக்கையில் பொருந்தும்படி நானே தேய்த்து லேப்பிங் போட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. சம்ப்பின் முன்முனையில் ஒரு அலுமினியக் கட்டை வரும். அதன் இரு ஓரத்து இடுக்கிலும் அடைப்பாக வைப்பது மரத்துண்டு. ஆமாம், மரம்தான். "இன்ஜினுக்குள்ள ஆப்பா?" என்று பட்டறைப் பையன் சிரித்தான். பழையது நொறுங்கிப் போயிருந்தது. மாமா தோட்டத்தில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கில் ஒரு சிராய் சீவி, சீலன்ட் தடவித் தட்டி இறக்கி, மிச்சத்தைப் பிளேடால் நறுக்கினேன். அந்த அலுமினியக் கட்டையில் போல்ட்டை முறுக்கும்போது கை அடங்க வேண்டும். நான் ஒரு மரையை உரித்துவிட்டு மறுபடி பட்டறைக்கு ஓடினேன்.

ஸ்டார்ட் பண்ணும் முன் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை வெறுமனே சுற்றவிட்டோம். டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, 10 தவ். பிளக் வயரை 1-3-4-2 வரிசையில் மாட்டிச் சாவியைத் திருப்ப, மூன்றாவது முறை பிடித்தது. புகை கொஞ்ச நேரம் வந்தது, அசெம்பிளியில் தடவிய எண்ணெய் எரிந்து தீரும் வரை.

500 கிலோமீட்டர் ஓமலூர், சங்ககிரி என்று சமதரையில் ஓட்டி எண்ணெய் மாற்றிய பிறகுதான் மலை. மாமாவே ஓட்டுவேன் என்றார். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வளைவுக்கு ஐம்பதடி முன்பே அவர் இடது கால் கிளட்சில் ஏறிவிடுகிறது, திரும்பி முடிந்த பிறகும் இறங்குவதில்லை. இப்படி 20 வளைவு, எத்தனையோ வருடம். திருப்பி மாட்டிய வாஷர் எப்படித் தாங்கும்?

"மாமா, காலை எடுங்க."

"பழக்கம்டா."

மேலே ஏரிக்கரையில் தெரிந்த டீக்கடைக்காரரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். கிளட்ச் மிதித்தபடி, கியர் ஃபர்ஸ்டில், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏழு வருடக் கதையை ஆரம்பித்தார். நான் கையை நீட்டிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, அவர் முழங்காலைத் தட்டினேன்.