கடல் பக்கம் ஒரு குளோரின்

பதினொன்றாம் வகுப்பில் மீத்தேனின் பிணைப்புக் கோணம் என்ன என்று கேட்டால் 109.5 டிகிரி என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வரும். அதே பிள்ளைகளைக் கரும்பலகைக்கு வந்து மீத்தேனை வரையச் சொன்னால், நடுவில் ஒரு கார்பன், நாலு பக்கமும் நாலு ஹைட்ரஜன் என்று கூட்டல் குறி போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் படத்தில் இருப்பது 90 டிகிரி. வாயால் சொன்னதும் கையால் வரைந்ததும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது அவர்கள் கண்ணில் படாது. கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வேதிப் பிணைப்புகள் பாடம் வரும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான். மனப்பாடம் செய்கிறார்கள் என்று பிள்ளைகள்மேல் பழி போட எனக்கு மனம் வருவதில்லை. புத்தகம் தட்டை, பலகை தட்டை, விடைத்தாளும் தட்டை. முப்பரிமாணத்தில் யோசி என்று சொல்லிவிட்டு நாம் அவர்களுக்குக் கொடுப்பதெல்லாம் இரண்டு பரிமாணம்தான்.

பெரிய வேதியியலாளர்களே இந்த இடத்தில் திணறியிருக்கிறார்கள். 1874இல் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப், கார்பனின் நாலு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் (நாலு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) நாலு மூலைகளை நோக்கி நீண்டிருக்கின்றன என்று எழுதியபோது அவருக்கு வயது 22. அதே ஆண்டில் பிரான்சின் லெ பெல்லும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் பெரும் புகழோடு இருந்த கோல்பே இதை வெறும் கற்பனை என்று கடுமையாக ஏளனம் செய்தார். வான்ட் ஹாஃப் அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். பின்னால் 1901இல், வேறு ஆய்வுகளுக்காக, வேதியியலின் முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்று அந்தக் காலத்து நிபுணர்களுக்கே தேவைப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாமா?

எங்கள் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் உருண்டையும் குச்சியும் உள்ள மாதிரிப் பெட்டி ஒன்று உண்டு. பலூன்களும் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு பலூன்களை ஊதி வாய்ப்பக்கம் சேர்த்துக் கட்டினால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தானாகவே நான்முகி ஆகிவிடும். எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதால் மூலக்கூறுக்கு வடிவம் வருகிறது என்ற விஎஸ்இபிஆர் கொள்கைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் முதல் வகுப்பு பலூனில்தான் ஆரம்பிக்கிறது. நாலு வரைக்கும் சரி. ஐந்து, ஆறு என்று பிணைப்புகள் கூடும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

அப்புறம்தான் மெய்நிகர் (விஆர்) கருவிகள் பக்கம் போனோம். முதலில் செல்போனைச் செருகிப் பார்க்கும் அட்டைக் கண்ணாடி. செலவு குறைவு என்று ஆசையாகத் தொடங்கினோம். ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று துல்லியமாகச் சொல்ல போனுக்குள் கைரோஸ்கோப் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அந்த வகை. படம் தலையோடு திரும்பாமல் நின்றது, அல்லது தானாக நழுவிக்கொண்டே போனது. கைரோஸ்கோப் உள்ள போனிலும் தலையைத் திருப்பலாமே ஒழிய, ஒரு அடி முன்னால் வைத்து மூலக்கூறை நெருங்க முடியாது. நடந்து போய்ச் சுற்றிப் பார்க்க முடியாவிட்டால் பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரியே மேல்.

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் தன்னிடம் சும்மா இருந்த ஒரு விஆர் ஹெட்செட்டைப் பள்ளிக்குத் தந்தார். தலையில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், குனியலாம், எட்டிப் பார்க்கலாம். இரண்டு கைகளிலும் பிடித்துக்கொள்ளும் கன்ட்ரோலரால் மூலக்கூறைப் பிடித்து இழுத்து ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கலாம். எல்லாம் சரி, ஆனால் ஐம்பது பேருக்கு ஒரே ஒரு ஹெட்செட்.

உள்ளே தெரிவதை புரொஜெக்டரில் போட்டுவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். வசதி இருந்தும் நான் அதைச் செய்யவில்லை. திரையில் வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளை பேச வேண்டியதில்லை, வெளியே இருப்பவர்கள் கேட்க வேண்டியதில்லை. அதனால் இப்படி ஒரு ஏற்பாடு செய்தேன். ஒரு பிள்ளை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பார்ப்பதைச் சொல்ல வேண்டும். அவள் கூட்டாளி மேசையில் களிமண் உருண்டைகளையும் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகளையும் வைத்துக்கொண்டு, காதால் கேட்பதை மட்டும் நம்பி அதே மூலக்கூறைச் செய்ய வேண்டும். வடிவத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, கோணத்தின் எண்ணைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் நோட்டில் வரைய வேண்டும். இன்னொரு ஹெட்செட் வாங்கப் பணம் கிடைத்தாலும் இந்த ஏற்பாட்டை நான் மாற்ற மாட்டேன். பாடம் நடப்பது கண்ணாடிக்கு உள்ளே இல்லை, அந்த இரண்டு பிள்ளைகளின் பேச்சில்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு நடத்திய நாளைச் சொல்கிறேன். மூலக்கூறைப் பெரிதாக்கி, பாஸ்பரஸ் இருக்கும் இடத்தில் போய் நின்றுகொள் என்றேன்.

"தலைக்கு மேல ஒண்ணு இருக்குடி. காலுக்குக் கீழ ஒண்ணு. என்னைச் சுத்தி மூணு."

"சுத்தின்னா? எந்தெந்தப் பக்கம்?"

"வலது பக்கம் ஒண்ணு..."

"உன் வலதா, என் வலதா?"

உள்ளே இருந்தவள் திரும்பித் திரும்பி நின்றதில் அவளுக்கே வலது இடது குழம்பிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் கையை நீட்டிச் சொன்னாள்: "இங்க பாரு, கடல் பக்கம் ஒண்ணு. மத்த ரெண்டும் ரோட்டுப் பக்கம். அந்த மூலைல ஒண்ணு, இந்த மூலைல ஒண்ணு. மூணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி."

கடலோரத் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பிள்ளை அவள். எங்கள் ஊரில் கண்ணைக் கட்டி விட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். கூட்டாளி மறுபேச்சு இல்லாமல் ஈர்க்குச்சிகளைக் குத்தினாள். சரியான முக்கோண இருபிரமிடு வந்து நின்றது. ஆள் எப்படித் திரும்பினாலும் மாறாத திசை ஒன்று வேண்டும் என்று அவர்களாகவே கண்டுபிடித்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அன்றிலிருந்து எல்லாக் குழுக்களும் கடல் பக்கம், ரோட்டுப் பக்கம் என்றுதான் பேசுகின்றன.

அதே இடத்தில் நிற்க வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டேன். தலைக்கு மேலே உள்ள குளோரினுக்கு 90 டிகிரியில் நெருக்கமாக எத்தனை பேர்? சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று என்றாள். கடல் பக்கத்துக் குளோரினுக்கு? மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுதான். மற்ற இரண்டும் 120 டிகிரி தள்ளி நிற்கின்றன. "அப்ப மேலயும் கீழயும் இருக்கறதுக்குத்தான் நெருக்கடி ஜாஸ்தி மிஸ்." அதனால்தான் அந்த இரண்டு அச்சுப் பிணைப்புகளும் கொஞ்சம் நீண்டு சுமார் 214 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்) இருக்கின்றன, நடுவில் உள்ள மூன்றும் 202தான் என்று நான் எண்களைச் சொன்னேன். வழக்கமாக அந்த எண்களை முதலில் சொல்லிக் காரணத்தைப் பின்னால் எழுதிப் போடுவேன். அன்றைக்குக் காரணம் அவர்கள் வாயிலிருந்து வந்தது. ஒன்று மட்டும் நான் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது: இது வாயு நிலையில் உள்ள வடிவம். திண்மமாகும்போது இதே சேர்மம் நான்முகி வடிவ நேர் அயனியாகவும் எண்முகி வடிவ எதிர் அயனியாகவும் பிரிந்து அடுக்கப்படுகிறது. கண்ணாடிக்குள் தெரிவதுதான் எப்போதும் உண்மை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

அம்மோனியா இதைவிடக் கடினம். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அணுக்களையும் குச்சிகளையும்தான் காட்டும். பிணைப்பில் சேராமல் நைட்ரஜனிடம் இருக்கும் தனித்த எலக்ட்ரான் இரட்டை, அதாவது லோன் பேர், கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாணவன் நைட்ரஜனுக்கு மேலே கையை ஆட்டிப் பார்த்துவிட்டு "இங்க காலியா இருக்கு மிஸ்" என்றான். காலியாக இருந்தால் மூன்று ஹைட்ரஜனும் ஏன் கீழே சாய்ந்து நிற்கின்றன, போரான் டிரைஃபுளூரைடு மாதிரித் தட்டையாக விரிய வேண்டியதுதானே என்று கேட்டேன். வகுப்பு யோசிக்கத் தொடங்கியது. "லோன் பேர் அங்கதான இருக்கணும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகுதான் மூலக்கூறின்மேல் மின்னழுத்தப் பரப்பைப் போர்த்திக் காட்டும் வசதியைத் திறந்தேன். காலி என்று நினைத்த இடம், எலக்ட்ரான் செறிவைக் காட்டும் சிவப்பில் புடைத்துக்கொண்டு வந்தது. மீத்தேனுக்கு 109.5, அம்மோனியாவுக்கு 107, தண்ணீருக்கு 104.5 என்று கோணம் குறைந்துகொண்டே வருவது அதன்பின் வெறும் எண் வரிசையாக இல்லை. கேள்வி வருவதற்கு முன் இந்தப் பரப்பைக் காட்டியிருந்தால் அழகான வண்ணப் படமாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

விஆருக்கு மட்டுமே உரிய பலம் என்று நான் சொல்வது வேறொன்று. அதற்குள் மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். பிளாஸ்டிக் மாதிரிகள் முட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகிறதா என்று பார்க்க நுழைந்துதானே ஆக வேண்டும்? முதலில் டைகுளோரோமீத்தேன். தாளில் இரண்டு குளோரின்களையும் பக்கத்தில் போட்டும் எழுதலாம், எதிரெதிரே போட்டும் எழுதலாம். இரண்டு வேறு சேர்மங்கள் போலத் தோன்றும். கண்ணாடிக்குள் எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்று மற்றொன்றில் போய் அடங்கிவிடுகிறது. கார்பன் தட்டையாக இருந்திருந்தால் இரண்டு வகை கிடைத்திருக்க வேண்டும், கிடைப்பதோ ஒன்றுதான். நான்முகிக்கு ஆதரவான பழைய வாதமே இது.

அடுத்தது கார்வோன் என்ற மணமுள்ள சேர்மம். ஒரு கையில் ஒன்று, இன்னொரு கையில் அதன் ஆடிப்பிம்பம். எவ்வளவு திருப்பினாலும் எங்கோ ஒரு இடத்தில் ஒட்டாமல் நிற்கும். ஒரு பிள்ளை விடாமல் முயன்றுகொண்டிருந்தபோது அவள் மூக்கருகே புதினா இலையைக் கசக்கிப் பிடித்தேன். பிறகு திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சதகுப்பை. புதினாவில் இருப்பது ஒரு கையில் உள்ள கார்வோன், சதகுப்பையில் இருப்பது மறு கையில் உள்ளது. அணுக்கள் அதே, பிணைப்புகள் அதே, மூக்குக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. நம் மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகளும் இப்படி இடக்கை, வலக்கை என்று வேறுபடும் மூலக்கூறுகளில் ஒரே கை வகையால் ஆனவை என்பதால்தான் இது முடிகிறது என்று விளக்கினேன். அந்த மூலிகைப் பொட்டலம் வகுப்பு முழுக்கக் கைமாறிக்கொண்டே இருந்தது.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கோடையில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் லென்ஸில் ஆவி படியும். மெல்லிய துணி பக்கத்திலேயே இருக்கட்டும். ஜன்னல் வெயில் லென்ஸ் வழியாக உள்ளே விழுந்தால் திரை கருகிவிடும், கழற்றியவுடன் மூடிவையுங்கள். இரட்டைச் சடை மடித்துக் கட்டிய பிள்ளைகளுக்குப் பட்டையைத் தளர்த்தி, சடைக்குக் கீழே மாட்ட வேண்டும். முகத்தில் படும் பகுதியை ஒவ்வொருவருக்கும் துடைக்க வேண்டும். மூலக்கூறுக்குள் பறந்து போகிற மாதிரியான வசதியை அணைத்துவிடுங்கள். உடம்பு நிற்கும்போது கண் மட்டும் நகர்ந்தால் குமட்டல் வரும். பிள்ளை தன் காலால் நடக்கட்டும், சில நிமிடங்கள் போதும். ஒரு கண்ணில் பார்வை குறைந்த மாணவி ஒருத்திக்கு ஆழம் தெரியாதோ என்று கவலைப்பட்டேன். தலையைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பார்த்து, எது முன்னால் எது பின்னால் என்று அவளே பிடித்துக்கொண்டாள்.

ஒரு குறையும் உண்டு. குச்சிதான் பிணைப்பு என்ற எண்ணத்தை இந்தக் கருவி மேலும் கெட்டியாக்குகிறது. பிணைப்பு என்பது இரண்டு அணுக்கருக்களும் பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரான்களை இழுத்துப் பிடித்திருப்பது என்று எத்தனை முறை சொன்னாலும், கண் குச்சியையே நம்புகிறது. இதற்கு பென்சீனில் ஒரு வழி கிடைத்தது. கண்ணாடிக்குள் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி இருந்தன. அணுக்களுக்கு இடையே தூரம் அளக்கும் கருவியை ஒரு மாணவியிடம் கொடுத்து, கார்பன்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்புள்ள ஈத்தேனையும் இரட்டைப் பிணைப்புள்ள எத்திலீனையும் முதலில் அளக்கச் சொன்னேன். 154, 134 பிக்கோமீட்டர் என்று சரியாகப் படித்தாள். பிறகு பென்சீனைச் சுற்றி வந்து ஆறு பிணைப்புகளையும் அளந்தாள். ஆறும் ஏறக்குறைய 139. திரும்பவும் அளந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டாள்: "மிஸ், படம் தப்பா, அளவு தப்பா?"

வகுப்பில் பாதிப் பேர் படம் என்றார்கள், பாதிப் பேர் அளவு என்றார்கள். ஒற்றை, இரட்டை என்று பிரித்து ஒரே படத்தில் அடக்க முடியாத பிணைப்புகளைப் பற்றிய உடனிசைவை அடுத்த வாரம் நடத்துவதாக இருந்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே தொடங்கிவிட்டோம்.