சென்டர் பேரிங் ஒன்றுக்காக ஒரு மாதம் அலைந்தேன்

ஐப்பசி மழை விட்ட வாரத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. பாலக்கோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் வழியில், ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாலம் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்த வாரம் மட்டும் ஆறேழு தடவை அதில் இறங்கி ஏறியிருப்பேன். வண்டி ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. பின்சக்கர இழுவை, 2014 மாடல், 1,34,000 கிலோமீட்டர் ஓடியது. பின் இருக்கையை மடக்கிவிட்டுத் தக்காளி கிரேட் ஏற்றி மண்டிக்குப் போவது அதில்தான். மாதம் ஒரு தடவை அம்மாவைச் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அதில்தான்.

வேகம் 50-ஐத் தாண்டினால் காலடியில் ஒரு முனகல் வரும். 60, 65-இல் அது நன்றாகக் கேட்கும். வண்டியில் லோடு இருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். முதல் கியரில் நகரும்போது தரை முழுக்கக் குடகுடவென்று உதறும், 20 வந்ததும் அடங்கிவிடும். இந்த உதறலைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். போன பட்டறையில் எல்லாம் சத்தத்தை மட்டுமே சொன்னேன்.

முதலில் போனது தர்மபுரியில் ஒரு பெரிய பட்டறை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்த பையன், "வீல் பேரிங் போச்சுங்ணா" என்றான். முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். கூலியோடு 5,600 ரூபாய். வெளியே எடுத்து வந்து பெட்ரோல் பங்க் வரை ஓட்டியதுமே தெரிந்துவிட்டது, சத்தம் அப்படியே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "பழைய பேரிங்கும் தேஞ்சுதான் இருந்துச்சு, இது டயர் சத்தமா இருக்கும், அலைன்மெண்ட் பாருங்க" என்று பதில். பழைய பேரிங் இரண்டையும் கேட்டு வாங்கிக் கையில் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஆட்டமோ கரகரப்போ இல்லை. எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். காசு திரும்ப வராவிட்டாலும் உண்மை தெரியும்.

அலைன்மெண்ட், பாலன்சிங் என்று அடுத்த கடையில் 1,400 போயிற்று. மூன்றாவது ஆள் கிரௌன் பினியன் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) போய்விட்டது, பிரித்தால் 28,000 ஆகும், மறுநாளே வண்டியை விட்டுவிடுங்கள் என்றார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காசுக் கவலை ஒரு பக்கம். அடுத்த வாரம் அம்மாவோடு தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். எத்தனை விபத்து நடந்த இடம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் விடியற்காலையில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, நானே ராயக்கோட்டை ரோட்டில் எடுத்துப் போனேன். இதற்குப் பைசா செலவில்லை. பட்டறை வாசலில் நிற்கும் முன் நீங்களும் செய்து பாருங்கள்.

60-இல் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்சை முழுசாக மிதித்தேன். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியது, முனகல் மட்டும் குறையவே இல்லை. அப்படியென்றால் இன்ஜின் இல்லை. அதே 60-ஐ மூன்றாவது கியரிலும் நாலாவது கியரிலும் ஓட்டினேன், ஒரே சத்தம். அப்புறம் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். வீல் பேரிங் போயிருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடும், மறுபக்கம் சாய்ந்தால் குறையும். இங்கே எந்த மாற்றமும் இல்லை. 5,600 ரூபாய் கொடுக்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையை யாராவது செய்திருந்தால் போதும், அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கிரௌன் பினியன் ஊளையிட்டால் பெரும்பாலும் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது ஒரு மாதிரியும் இருக்கும். அதுவும் இல்லை. தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நடு இருக்கைக்கு முன்னால் தரையில் கையை வைத்தேன். அதிர்வு நேராக உள்ளங்கைக்கு வந்தது.

பக்கத்து ஊரில் டிராக்டர் ஷெட் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். கார் வேலை அவருக்குத் தொழில் இல்லை, ஆனால் வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஷெட்டில் குழி இருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எடுக்கும்போது உதறுதா?" மூன்று பட்டறையில் ஒருவரும் கேட்காத கேள்வி. "சரி, மொதல்ல கீழ எறங்கிப் பாக்கலாம் வாப்பா" என்றார்.

நீளமான பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை ஜாயிண்ட் ஷாஃப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி இரும்புப் பட்டை. அந்தப் பட்டை சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு போல்ட்டில் தொங்கும். இதுதான் சென்டர் பேரிங். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டார். பேரிங்குக்குப் பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் தூக்கினார். ஒரு விரல் அளவுக்கு ஆடியது. ரப்பர் பாதிச் சுற்றுக்குக் கிழிந்து தொங்கியது. குறுக்குச் சட்டத்தில் கிரீஸ் தெறித்து வட்டமாகக் கறுத்திருந்தது. "தண்ணில எறக்கினியா?" என்றார். சீல் வழியாகத் தண்ணீரும் சேறும் உள்ளே போய், கிரீஸ் கெட்டுக் குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. ரப்பர் வயதாகி ஏற்கெனவே வெடித்திருந்தது. லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி ஷாஃப்டின் சாய்வு மாறும், அதனால்தான் தக்காளி நாளில் உதறல் அதிகம். அடியோடு விட்டுப்போனால் ஷாஃப்ட் கீழே தொங்கி ரோட்டில் குத்தும் என்றார். எனக்குத் தொப்பூர்தான் கண்முன் வந்தது.

கழற்றும் வேலை ஒரு மணி நேரம். கழற்றும் முன் அண்ணன் ஃபிளேஞ்சுகளிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகள்), பின் துண்டு நுழையும் ஸ்ப்லைனிலும் (பல் வெட்டிய முனை) வெள்ளை பெயிண்டால் கோடு போட்டார். பட்டைக்கு மேலே இருந்த இரண்டு மெல்லிய வாஷர் தகடுகளை அதே போல்ட்டில் மாட்டித் தனியே கட்டி வைத்தார். ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் கூட்டல் குறி வடிவ ஜாயிண்ட் கிராஸ் இரண்டையும் மடக்கிப் பார்த்ததில் ஒன்று இறுகிப் போயிருந்தது. கப் ஓரத்தில் செம்மண் மாதிரி துருப்பொடி. இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

சாமான் வாங்கப் போனதுதான் வீண் அலைச்சல். வண்டி குழிமேல் நிற்கிறது, பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். கடைக்காரர் மாடலும் வருடமும் கேட்டார், உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து, "இதுதான் தம்பி, கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார். 2,100 ரூபாய். நம்பி வாங்கிக்கொண்டு ஷாஃப்டோடு தர்மபுரியில் ஒரு லேத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் டப்பாவைப் பிரித்ததும் பிரஸ்ஸில் வைக்கவில்லை, முதலில் விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்தார். "தம்பி, அளவு பார்த்து வாங்கினீங்களா? உங்க ஷாஃப்ட் 35, இது 30." அவர் அளக்காமல் அழுத்தியிருந்தால் புது பேரிங்கும் போயிருக்கும், ஷாஃப்டும் கீறியிருக்கும்.

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினார், ஓரத்தில் 6207 என்று இருந்தது. நான் வாங்கி வந்ததில் 6206. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் மில்லிமீட்டரில் வரும், 07 என்றால் 35, 06 என்றால் 30. 04-இலிருந்து மேலே இந்தக் கணக்கு சரியாக வரும் என்றார். இத்தனை வருடம் வண்டி வைத்திருந்தும் எனக்கு இது தெரியாது. பழைய பேரிங்கை எடுத்துப் போகாமல் கடைக்குப் போகாதீர்கள். குறைந்தது எண்ணையாவது படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் இன்ஜின் வேறாக இருந்தாலும் ஷாஃப்ட் அளவு மாறலாம்.

திரும்பவும் கிருஷ்ணகிரி. கடைக்காரர் பில்லைத் திருப்பி, "கவர் பிரிச்சா எடுக்கிறதில்லை, இங்க எழுதியிருக்கு பாருங்க" என்றார். மாடல் சொல்லித்தானே கேட்டேன், எடுத்துக் கொடுத்தது நீங்கள்தானே என்றேன். அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் பாதிப் பணத்துக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிராஸ் இரண்டும் எப்படியும் தேவை, பழையதோடு அளவு ஒப்பிட்டுப் பார்த்து அங்கேயே எடுத்தேன். மீதிப் பணம் போனது போனதுதான். அந்த இரண்டு நாளும் தக்காளி செடியிலேயே பழுத்தது, டெம்போவுக்கு 1,800 கொடுத்து மண்டிக்கு அனுப்பினேன்.

சரியான பேரிங் தர்மபுரியிலேயே ஒரு சின்னக் கடையில் கிடைத்தது, 1,950. லேத் பெரியவர் ஷாஃப்டின் நடு நட்டைக் கழற்றி, புல்லரால் யோக்கை (கிராஸைப் பிடிக்கும் இரண்டு காதுள்ள முனை) இழுத்து, புதியதை ஏற்றினார். உள் வளையத்தில் மட்டும் படுகிற மாதிரி ஒரு குழாயை வைத்துத்தான் அழுத்தினார். ரப்பர்மேலோ வெளி வளையத்திலோ சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்குக்கு அன்றைக்கே பாதி ஆயுள் போய்விடும்.

இத்தனை கவனத்துக்கு நடுவிலும் ஒரு தப்பு நடந்தது. மாட்டி ஓட்டினேன், முனகல் போயே போய்விட்டது. ஆனால் 70-இல் புதிதாக ஓர் அதிர்வு, முன்பு இருந்ததைவிட மோசம். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது. விசாரித்தபோது ஒருவர், ஷாஃப்டைச் சேலம் கொண்டுபோய்ப் பாலன்ஸ் பண்ணியே ஆக வேண்டும், 1,500 ஆகும் என்றார். நான் நேராக ஷெட் அண்ணனிடம் போனேன்.

அவர் கீழே இறங்கிப் பார்த்ததும் சொல்லிவிட்டார். ஃபிளேஞ்சில் போட்ட கோடு இருந்தது. யோக்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நாங்கள் கோடே போடவில்லை. பின் துண்டு நுழையும் ஸ்ப்லைனில் போட்டிருந்த கோடு, லேத்தில் டீசலில் கழுவியபோது அழிந்துவிட்டது. ஒரு துண்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக் காதுகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பின் துண்டில் அது இரண்டு பல் தள்ளி நுழைந்திருந்தது. இழுத்துத் திருப்பி, காதுகளை ஒரே கோட்டில் நிறுத்தி, கிரீஸ் வைத்து மறுபடி நுழைத்தார். முக்கால் மணி நேர வேலை, சேலம் செலவு மிச்சம். உங்கள் வண்டியில் யார் கழற்றினாலும், பிரியும் ஒவ்வோர் இணைப்பிலும் சென்டர் பஞ்சால் இரண்டு புள்ளி குத்தச் சொல்லுங்கள். பெயிண்ட் நிற்காது.

இன்னொன்றும் அவர் செய்தார். பட்டையின் இரண்டு போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முறுக்கி, ஷாஃப்ட் முழுக்க மாட்டியதும் வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து, கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளிய பிறகுதான் இறுக்கினார். பட்டையின் துளைகள் நீளமாக இருக்கும், பேரிங் தன் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. மறக்காமல் அந்த இரண்டு தகடுகளையும் போட்டார். தகடு இல்லையென்றால் ஷாஃப்டின் சாய்வு மாறி உதறல் திரும்பிவிடும்.

கூலி என்று 900 ரூபாய்தான் வாங்கினார். நான் கூடக் கொடுத்ததை அவர் கையால் தொடவில்லை, மறுநாள் ஒரு கிரேட் தக்காளி இறக்கிவிட்டு வந்தேன். பேரிங், கிராஸ், லேத், கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்த வேலை. அதற்கு முன்னால் போன 7,000 தனி.

அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். தொப்பூர் இறக்கம் முழுக்க மூன்றாவது கியரில், காது கீழேயே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி குழிமேல் விட்டுப் பார்த்தோம். பட்டை போல்ட்டில் ஒன்று கால் சுற்று இறுகியது, ஃபிளேஞ்ச் போல்ட் எல்லாம் அப்படியே இருந்தன. இப்போது மழை பெய்தால் சுரங்கப்பாலத்தை விட்டு நான்கு கிலோமீட்டர் சுற்றித்தான் போகிறேன்.