யவன ராணி: வாரம் ஒரு அத்தியாயமும் ஒரே மூச்சும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை எடுத்துக்கொண்டது சாண்டில்யனின் ‘யவன ராணி’. நாங்கள் மயிலாடுதுறைக்காரர்கள். கதை நடக்கும் புகார் (காவிரிப்பூம்பட்டினம்) எங்களுக்குப் பக்கத்து ஊர், பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனாலேயே இந்த நாவல் மீது இங்கே எல்லாருக்கும் ஓர் உரிமை உண்டு. வேறு ஊர்க்காரர்கள் ‘நல்லா இருந்தது’, ‘நல்லா இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்கள் சண்டை போட்டார்கள்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரிகாலன் அரியணை ஏறுவதற்கு முந்தைய குழப்பமான காலம். இருங்கோவேள் சோழ ஆட்சியைப் பறித்துக்கொள்கிறான். படைத்தலைவன் இளஞ்செழியன் புகார்க் கடற்கரையில் நடந்து வரும்போது, அலையில் ஒதுங்கிய ஒரு யவனப் பெண் காலில் தட்டுப்படுகிறாள் (கிரேக்க, ரோமானியர்களை அன்று யவனர் என்றார்கள்). அவள் தமிழ்நாட்டை ஆள்வாள் என்று ஒரு சோதிடம். அந்தச் சோதிடத்தை வைத்துப் புகாரில் காலூன்றப் பார்க்கும் யவனத் தளபதி டைபீரியஸ். இளஞ்செழியனுக்கு ஏற்கெனவே மனசில் இருப்பவள் பூவழகி. கடைசியில் வெண்ணிப் போர். அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது இரண்டு தடித்த பாகங்கள்.

முதல் புகாரே அந்தத் தடிமனைப் பற்றித்தான் வந்தது. என் நாத்தனார் மகள் கல்லூரியில் படிக்கிறாள், மின்நூலாகப் போனில் வாசித்தாள். “அத்தை, கதவுக்கு வெளியே எதிரி வாளோடு நிக்கிறான். இவர் உள்ளே இருக்கிற பொண்ணோட இடுப்பை ஒரு பக்கம் வர்ணிக்கிறார். எதிரி பாவம், எவ்வளவு நேரம்தான் நிப்பான்?” என்றாள். நாங்கள் கூடும் மாடியே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ராணியும் பூவழகியும் வரும் இடங்களிலெல்லாம் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட எப்படி நிற்கிறார்கள் என்பதே அதிகம் சொல்லப்படுகிறது என்பது அவள் வாதம். நியாயமான வாதம்தான். வர்ணனை வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாளாம். அப்படியும் கதை ஓர் இடத்திலும் அறுபடவில்லை என்றாள். அதைப் பாராட்டாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா வட்டத்துக்கெல்லாம் வருவதில்லை, படியேற முடியாது. குமுதத்தில் இது தொடராக வந்தபோது வாசித்தவள் அவள். பெரியப்பா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து, முடிந்ததும் பைண்டு பண்ணினார். வீட்டில் யார் முதலில் வாசிப்பது என்று தகராறு. அந்த இதழ் கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது அட்டை இருக்காது. “ஒரு வாரத்துக்கு ஓர் அத்தியாயம்டி. அதுல ஒரு பத்தி வர்ணனை வந்தா என்ன இப்போ? மிச்ச ஆறு நாளும் அடுத்து என்ன ஆகும்னு நாங்களே கதை கட்டிக்கிட்டு இருந்தோம்” என்றாள் அம்மா. சாண்டில்யன் தொடர்களுக்கு ஓவியர் லதா வரைந்த படங்களைப் பற்றி அதற்கப்புறம் கால் மணி நேரம் பேசினாள். கதையை மறந்திருக்கிறாள், படங்களை மறக்கவில்லை.

எனக்கு இதில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. இந்த நாவலைப் பற்றி ஒருவர் சொல்லும் அபிப்பிராயத்தை அவர் எந்த வேகத்தில் வாசித்தார் என்பதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் யாரோ ஒருவர் திடுக்கிடுகிறார், யாரோ ஒருவர் இருட்டிலிருந்து குரல் கொடுக்கிறார். அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது அந்தத் திடுக்கிடலை மறுபடி நின்று விளக்குகிறார் ஆசிரியர். ஏழு நாள் கழித்து வருகிறவருக்கு அது கைகொடுக்கும். ஏழு விநாடியில் அடுத்த பக்கத்துக்கு வந்தவருக்குக் கொட்டாவி வரும். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாதிப் பாகத்தை முடிக்கப் பார்த்து எரிச்சலானேன். அப்புறம் இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டதும் அதே எழுத்து இறங்க ஆரம்பித்தது. வர்ணனைகள் மட்டும் அப்போதும் நீளம்தான். அந்த விஷயத்தில் நான் நாத்தனார் மகள் பக்கம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். சண்டை அங்கேதான் சூடு பிடித்தது.

எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஐயா வாயைத் திறந்தாலே பாட்டு எண்ணோடுதான் பேசுவார். “யவனன் இங்கே வணிகம் செய்தான், காவல் காத்தான், விளக்கு செய்தான். ஆள வந்தான் என்பதற்கு ஒரு வரி காட்டு” என்று ஆரம்பித்தார். அவர் அடுக்கியதெல்லாம் உண்மை. அகநானூறு 149-இல் மேற்குக் கரையில் இருந்த சேரர் துறைமுகமான முசிறிக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனுக்குக் காவலாக, சட்டை போட்ட, பார்க்கவே பயமாயிருக்கிற யவனர்கள் நிற்கிறார்கள். நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்கிறது. புறநானூறு 56-இல் பாண்டியன் நன்மாறன் குடிக்கும் தேறல், அதாவது மது, யவனர் கொண்டுவந்தது. புகாரில் யவனர் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது, அது பிற்பட்ட நூல் என்று அவரே ஒரு அடிக்குறிப்பும் போட்டுவிட்டார்.

அதற்குப் பதில் சொன்னவர் வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். ஐயாவுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்து ஐயா சொன்னதையே பலப்படுத்திவிட்டார். வியன்னாவில் முசிறிப் பாப்பிரஸ் என்று ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கடன் ஒப்பந்தமும் சரக்குக் கணக்கும். ஹெர்மாபோலோன் என்ற கப்பல் முசிறியிலிருந்து கொண்டுபோன சரக்கின் மதிப்பு மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயம். “ஒரே கப்பலில் இவ்வளவு பணம் புழங்கினால் அதற்காக ஒருவன் துறைமுகத்தையே பிடிக்க நினைக்க மாட்டானா?” என்று கேட்டார். உடனே ஐயா, “வியாபாரத்திலேயே இவ்வளவு வருகிறவன் எதுக்குப்பா படை திரட்டிச் செலவு பண்ணணும்?” என்றார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

நான் பதிற்றுப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய் ஊற்றி இழுத்து வந்ததாக இரண்டாம் பத்தின் பதிகம் பாடுகிறது. வெறும் வியாபாரம் மட்டும் நடந்த இடத்தில் தலையில் நெய் ஊற்ற வேண்டிய அவசியம் என்ன? ஏதோ கைகலப்பு நடந்திருக்கிறது. அது சேரன் கதை, சோழன் கதை இல்லை என்று ஐயா சொல்வார் என்று தெரியும், சொன்னார். ஆனால் ஒரு நாவலாசிரியனுக்கு இவ்வளவு இடைவெளி போதும் என்பது என் கட்சி. மேற்குக் கரையில் நடந்த ஒன்றைக் கிழக்குக் கரையில் நடந்திருந்தால் என்று கேட்பதில் என்ன பாவம்? மேலும் இருங்கோவேளைச் சாண்டில்யன் கற்பனையில் கொண்டுவரவில்லை. கரிகாலன் வென்றவர்கள் வரிசையில் பட்டினப்பாலை அந்தப் பெயரைச் சொல்கிறது. கரிகாலன் கூட்டில் வளர்ந்த புலிக்குட்டி மாதிரி சிறையில் வளர்ந்தான் என்பதும் அதே பாட்டில்தான்.

அன்றைக்கு எல்லாரையும் திணற வைத்தவர் கேப்டன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேப்டனாக இருந்ததே இல்லை, ஆனாலும் எங்களுக்கு அவர் கேப்டன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “ராணி கரை ஒதுங்கினது எந்த மாசம்?”

யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அவர் கணக்கு இது. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் ஜூலை வாக்கில் புறப்படும், தென்மேற்குக் காற்றைப் பிடித்து நேராக நம் மேற்குக் கரைக்கு வந்து சேரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பெரிப்ளுஸ் என்ற கிரேக்கக் கையேட்டைப் படித்தால் விளங்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதியது. அதில் நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ஒன்றாகக் கமரா வருகிறது, அதைக் காவிரிப்பூம்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கரையில் உள்ளூர்க் கப்பல்கள் ஓடுவதைத்தான் அந்நூல் விரிவாகச் சொல்கிறது. ஆகவே யவனத்திலிருந்து நேராகப் புகாருக்கு ஒரு ராணி வருவது லேசான காரியம் இல்லை, குமரியைச் சுற்றியாக வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கடலில் மாட்டினால் உடைந்த பலகையோடுதான் கரையேற வேண்டும் என்றார். “அதனால அவ ஒதுங்கினதை நான் நம்புறேன். புடவை கலையாம ஒதுங்கினதைத்தான் நம்ப முடியல.” ராணி புடவை கட்டவில்லை என்று யாரோ திருத்தினார்கள். கேப்டன் கண்டுகொள்ளவில்லை.

அவரே இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொன்னார். நாவலில் இளஞ்செழியனோடு இருக்கும் யவனன் பெயர் ஹிப்பலாஸ். அந்தக் காற்றைப் பிடித்து நடுக்கடல் வழியாக நேரே வரும் வழியைக் கண்டவன் என்று பெரிப்ளுஸ் சொல்லும் மாலுமியின் பெயரும் ஹிப்பலஸ்தான். டைபீரியஸும் அப்படியே. கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்ட பேரரசரின் பெயர் அது. கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸும் டைபீரியஸும் வெளியிட்டவை. வாரப் பத்திரிகைக்கு அவசர அவசரமாக எழுதினாலும் பெயர் வைப்பதற்கு முன்னால் ஆசிரியர் எதையோ புரட்டியிருக்கிறார். ஐயாகூட இதற்குத் தலையாட்டினார்.

கரிகாலன் ரசிகர்களுக்கு இந்த நாவல் மீது நிரந்தர வருத்தம் உண்டு. அவன் காலத்துக் கதை, அவன் போர், ஆனால் எல்லாத் திட்டமும் இளஞ்செழியனுடையது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. சாகச நாவலில் அரசனை நாயகனாக வைத்தால் அவன் சாக மாட்டான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். படைத்தலைவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

என் வருத்தம் வெண்ணியைப் பற்றியது. அந்த ஊர் இன்றும் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கோவில்வெண்ணி என்ற பெயரில் இருக்கிறது. கரிகாலனின் வேலால் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். அந்த ஊர்க்காரி வெண்ணிக்குயத்தியார், வென்ற கரிகாலனையே நேரில் விளித்து, நீ வென்றாய், ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று பாடுகிறாள். புறநானூறு 66, மொத்தம் எட்டே வரி. இதை முதலில் படித்துவிட்டு நாவலின் போருக்கு வந்தால் யானையும் வியூகமும் பிரமாதமாக இருந்தும், எப்போதும் ஜெயித்தவன் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. வட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டவர் ஒருவர்தான். மற்றவர்கள், சாகச நாவலில் போய்ப் புறப்புண் தேடாதே என்றார்கள்.

கடைசியாக ராணி. முடிவில் அவள் இறந்துபோகிறாள் (இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் இதைச் சொன்னதற்காகக் கோபப்படுகிறவர்கள் மன்னிக்கவும்). அவள் பிழைத்திருந்தால் இளஞ்செழியன் இரண்டு பேரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அந்தச் சங்கடத்திலிருந்து ஆசிரியர் நாயகனைக் காப்பாற்றிவிட்டார் என்றாள் நாத்தனார் மகள். அம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ராணி இறந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா இரவு சாப்பிடவில்லையாம். “பூவழகிக்கு யாருடி அழுதா? எல்லாரும் ராணிக்குத்தானே அழுதோம்” என்கிறாள். புத்தகத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் அம்மா சொல்வதும் சரிதான். நாத்தனார் மகள் சொல்வதும் சரிதான், ஒரு பெண்ணை இவ்வளவு சாமர்த்தியசாலியாகக் காட்டிவிட்டு அவளுக்கு வேறு வழியே வைக்காமல் முடித்தது எனக்கும் உறுத்துகிறது.

அடுத்த மாதம் பட்டினப்பாலை. ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 301 அடிதான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். கேப்டன் அதற்குள்ளேயே துறைமுகம் வரும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார். நாத்தனார் மகள் உரையோடு இருக்கும் பதிப்பு எது நல்லது என்று கேட்கிறாள், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.