சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பிய கார்

கடந்த மே மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, விக்கிரவாண்டியைத் தாண்டி உளுந்தூர்பேட்டைக்கு முன்பாக, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் கார் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆஃப் ஆகிவிட்டது. 2014-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் வண்டி அது. இழுப்போ குலுக்கலோ இருமலோ இல்லை. சுவிட்சை அணைத்தது போல எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கனத்துவிட்டது. எஞ்சின் நின்ற பிறகு, பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பூஸ்டரில் மிஞ்சும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும் என்பது தெரிந்திருந்ததால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, சாவியையும் முழுதாகத் திருப்பி எடுக்காமல் (எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்) இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மனைவியையும் பிள்ளைகளையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்த பிறகே பானட்டைத் திறந்தேன்.

செல்ஃப் நன்றாகவே சுற்றியது. வழக்கமான வேகத்தில் எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஆகவே பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பிரச்சினை இல்லை என்று அங்கேயே ஒதுக்க முடிந்தது. பெட்ரோல் அரை டேங்குக்கு மேல் இருந்தது. ஃப்யூஸ்கள் எதுவும் போகவில்லை. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு வழக்கம்போல் எரிந்து அணைந்தது. கூட வந்த மைத்துனர் பெட்ரோல் பம்பு இருக்கும் பின் சீட்டின் அடியில் கையை வைத்துப் பார்த்து, "மாமா, சாவியைத் திருப்பினதும் ரெண்டு செகண்டு ஓடுது, செல்ஃப் அடிக்கும்போது ஓடுற மாதிரி தெரியல" என்றார். இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் எங்களுக்கு 9,000 ரூபாய் செலவு வைத்தது. அவர் சொன்னதில் பிழையில்லை. அதற்கு நாங்கள் கொண்ட பொருளில்தான் பிழை.

நாற்பது நிமிடம் கழித்து, இழுவை வண்டிக்குப் பேசிவிட்டுச் சும்மா ஒருமுறை சாவியைத் திருப்பியபோது, எதுவுமே நடக்காதது போல எஞ்சின் பிடித்துக்கொண்டது. மீட்டர் போர்டில் கோளாறைக் காட்டும் எஞ்சின் விளக்கு எரியவில்லை. திருச்சி வரை நிற்காமல் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டுபோனபோது வண்டி ஆறியிருந்தது, முதல் திருப்பிலேயே கிளம்பியது. கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைக் காட்டச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் வாடிக்கையாளர் சொல்வதை வைத்துத்தான் ஊகிக்க முடியும். நானும் பம்பு ஓடவில்லை என்பதையே அழுத்திச் சொன்னேன். பத்து வருட வண்டி, வெயில் காலம், சூட்டில் பம்பு நின்றிருக்கும் என்று அவர் முடிவு செய்தார். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, பம்பையும் ஃபில்டரையும் மாற்றிக் கொடுத்தார். பாதுகாப்புக்காக வயரைக் கழற்றியது சரியான வேலைதான். ஆனால் எஞ்சின் விளக்கு எரியாதபோதும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் நிலுவையாக ஒரு கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கக்கூடும் என்பதும், பல வண்டிகளில் அந்த வயரைக் கழற்றினால் அது அழிந்துபோகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பதினோராவது நாள், தஞ்சாவூர் போகும் வழியில் துவாக்குடியைத் தாண்டியதும் மறுபடி அதே போல் நின்றது. இடையில் 800 ரூபாய்க்கு அந்தக் கணினியின் பதிவுகளைப் படிக்கும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் அதைச் செருகி, கைபேசியில் எஞ்சினின் சுழற்சி வேகத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பத்து நொடிக்கு மிகாமல், இடையிடையே ஓய்வு விட்டுச் செல்ஃப் அடித்துப் பார்த்தேன். எஞ்சின் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கிறது. கைபேசியோ பூஜ்யம் காட்டுகிறது. எங்கள் காரில் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் போர்டின் ஆர்.பி.எம். முள் 200, 300 வரை எழும்புவது வழக்கம். அன்று அது கீழேயே படுத்திருந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலும் அப்படியே கிடந்திருக்கும். நான்தான் அதைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை செல்ஃப் அடித்த பிறகு குறியீடும் வந்தது: பி0335, அதாவது கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.

எஞ்சினின் கிராங்க் தண்டோடு சுழலும் பல் சக்கரத்துக்கு எதிரே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் இந்தச் சென்சார் நிற்கிறது. அறுபது பற்களுக்கான சக்கரத்தில் இரண்டு பற்களை வெட்டி எடுத்துவிட்டு 58 பற்களோடு அமைப்பது பரவலான முறை. பல் இல்லாத அந்த இடம் கடக்கும் கணத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. சென்சாரிலிருந்து துடிப்பு வராவிட்டால் கணினியைப் பொறுத்தவரை எஞ்சின் சுழலவே இல்லை. சுழலாத எஞ்சினுக்குப் பிளக்கில் தீப்பொறி தேவையில்லை, இன்ஜெக்டர் பீய்ச்ச வேண்டியதில்லை, விபத்தில் பெட்ரோல் கொட்டிவிடக் கூடாது என்பதால் பம்பும் ஓட வேண்டியதில்லை. மைத்துனர் கையை வைத்து உணர்ந்தது இதைத்தான். பம்பு கெட்டதால் எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சின் சுழல்வது கணினிக்குத் தெரியாததால் பம்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அங்கிருந்தே, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக் குறியீட்டைச் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக வயரிங் வேலை மட்டுமே பார்க்கும் மனிதர். "தம்பி, கியர் பாக்ஸ் ஓரமா ஒரு சென்சார் இருக்கும் பாருங்க, சைலன்சர் பக்கம் போகாம அதுமேல மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. கிளம்பிடுச்சுன்னா அதேதான்" என்றார். குடிதண்ணீர்ப் புட்டியின் மூடியில் ஊற்றி ஊற்றி, சூடான குழாய்களில் படாமல், சென்சார்மேல் மட்டும் விட்டேன். ஐந்து நிமிடத்தில் முள் எழும்பியது, எஞ்சின் பிடித்தது. தஞ்சாவூர்ப் பயணத்தைக் கைவிட்டு நேராக அவருடைய கடைக்குத் திரும்பினேன்.

தண்ணீரில் கிளம்பியதை மட்டுமே நம்பி அவர் புதுச் சென்சார் வாங்கச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பழையதைக் கழற்றி அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். எங்கள் வண்டியில் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட இரண்டு வயர் சென்சார். மூன்று வயர் வகையாக இருந்தால் இப்படி ஓம் கணக்கில் மின்தடையை அளந்து பயனில்லை என்றும் சொன்னார். ஆறிய நிலையில் 870 ஓம். அதன்பின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து மெல்லச் சூடேற்றினார். செம்புக் கம்பி சூடானால் தடை கூடுவது இயல்பு, ஆகவே எண் 1,000-ஐத் தாண்டியபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. 1,050-ஐ ஒட்டி வந்ததும் மீட்டர் சட்டென்று எண்ணை விட்டுவிட்டது. சுற்று முழுதாக அறுந்துவிட்டதற்கான அடையாளம் அது. சூட்டை எடுத்தார், இரண்டு நிமிடத்தில் எண் திரும்பி வந்தது. உள்ளே எங்கோ மயிரிழை அளவு விரிசல், விரிந்தால் விடுகிறது, சுருங்கினால் தொடுகிறது. மூன்று முறை செய்து காட்டினார், மூன்று முறையும் அதே இடத்தில் போனது.

புதியதைப் பொருத்தும் முன் சென்சாரிலிருந்து கணினி வரை செல்லும் இரண்டு வயர்களையும் அசைத்து அசைத்து மின் தொடர்ச்சி பார்த்தார்; வயர் இணைப்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்தார். சென்சார் விலை 1,400 ரூபாய், கூலி 500.

அந்த வாரமே பிற்பகல் வெயிலில் ஏசி போட்டு மதுரைக்குப் போய்த் திரும்பினேன். விராலிமலையிலும் மேலூரிலும் வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தி, சூட்டோடு சூடாகக் கிளப்பிப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் சாவியைத் திருப்பிய உடனே பிடித்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏப்ரல் மாதத்திலிருந்தே, கடைக்குப் போய்விட்டு வந்து சூடான எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் இரண்டு மூன்று நொடி கூடுதலாகச் செல்ஃப் சுற்ற வேண்டியிருந்தது. அதை நான் பெட்ரோல் பங்கின் கலப்படம் என்று எண்ணி, பங்கையே மாற்றியிருந்தேன்.